வைரஸுக்குக் கால் இல்லை, அப்புறம் எப்படி?

வணக்கம்,

வகுப்பில் வைரஸ் பாடம் நடத்தும்போது ஒரு மாணவி கேட்டாள்: "அதுக்குக் காலும் இல்லை, தனியா உயிரும் இல்லைன்னு சொல்றீங்க. அப்புறம் எப்படி மிஸ் செல்லுக்குள்ள போகுது?" பூட்டும் சாவியும் மாதிரி என்று சொல்லிச் சமாளித்தேன். எனக்கே திருப்தியில்லை. கொஞ்சம் விளக்குவீர்களா?

ஓர் அறிவியல் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாள்.

வைரஸ் தானாக எங்கும் போவதில்லை. ஈரத்தில் மிதந்து அலைகிறது, எதன்மேலோ மோதுகிறது, விலகுகிறது. தன் மேற்புரதத்துக்குப் பொருந்துகிற ஏற்பி, அதாவது பூட்டுப்போன்ற ஒரு புரதமோ மூலக்கூறோ, செல்லின்மேல் தட்டுப்பட்டால் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஏற்பி வைரஸுக்காக உண்டானதல்ல. கொரோனா பற்றிக்கொள்ளும் ஏ.சி.இ.2, இரத்த அழுத்தத்தைச் சீராக வைக்க உதவும் நம் புரதம்.

பூட்டு, சாவி உவமை இதுவரை சரி. எனக்கு வியப்பே இதற்கப்புறம் நடப்பதில்தான்.

ஃப்ளூ வைரஸை எடுத்துக்கொள்வோம். அது ஒட்டிய இடத்தில் செல்லின் சவ்வு குழிந்து, வைரஸைச் சுற்றி மூடி, ஒரு சின்னப் பையாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. வெளியிலுள்ள சத்துகள் பலவற்றைச் செல் எடுத்துக்கொள்வதும் இப்படித்தான். ஆக, வைரஸை விழுங்குவது செல்லேதான்! விழுங்கியதைச் சிதைப்பதற்காகப் பைக்குள் அமிலத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகிறது, பி.எச். அளவு இறங்கி 5-ஐ நெருங்குகிறது (அது இறங்க இறங்க அமிலம் கூடும்). வைரஸ் அழிய வேண்டிய இடம் அது. ஆனால் அந்தப் புளிப்புப் பட்டதும் அதன் மேலிருக்கும் ஹீமக்ளூட்டினின் புரதம் சுருள்வில் தெறிப்பதுபோல் விரிகிறது. உள்ளே மறைந்திருந்த முனை நீண்டு பையின் சவ்வில் குத்துகிறது. பிறகு புரதம் மடங்கி, வைரஸின் உறையையும் பையின் சவ்வையும் ஒன்றோடொன்று இழுத்து ஒட்டவைக்கிறது. ஒட்டிய இடத்தில் துளை விழுகிறது. வைரஸின் மரபுப்பொருளான 8 ஆர்.என்.ஏ. துண்டுகள் வெளியேறி உட்கருவுக்குப் போகின்றன. மிச்சம் நீங்கள் பாடத்தில் நடத்தியதுதான்: செல்லின் கருவிகளைக் கொண்டே நகல்கள் பெருகுகின்றன.

எல்லா வைரஸும் இந்தப் பையை நம்பியிருப்பதில்லை. கொரோனாவுக்கு இரண்டு வழி. ஒன்று இதே பை வழி, மற்றொன்று வாசல் வழி. நுரையீரல் செல்களின் மேற்பரப்பில் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்றொரு நொதி இருக்கிறது. அது கொரோனாவின் முள்புரதத்தை வெட்டிவிட்டால் சவ்வுகள் வாசலிலேயே இணைந்துவிடும், அமிலம் தேவையில்லை. 2020-இல் குளோரோகுவின் என்ற மலேரியா மருந்தின் மீது அத்தனை நம்பிக்கை வைத்தோமே, அது அந்தப் பை புளிக்காமல் தடுக்கிற மருந்து. குரங்கின் சிறுநீரகச் செல்களில் வைரஸைத் தடுத்தது. அந்தச் செல்களில் இந்த நொதி இல்லை, பை வழி மட்டும்தான். மனித நுரையீரல் செல்களில் சோதித்தபோது தடுக்கவில்லை. அதன் நெருங்கிய வகையான ஹைட்ராக்சி குளோரோகுவின் பெரிய மருத்துவச் சோதனைகளிலும் பலன் தரவில்லை. எத்தனை பேர் அந்த மாத்திரையை நம்பிக் காத்திருந்தார்கள் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அடுத்த வகுப்பில் பூட்டு, சாவி படத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் பையையும் வரைந்து காட்டுங்கள். அதற்கப்புறம் அந்த மாணவி என்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள்.