வெளியே உட்காரும் ஒன்பது பேர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கால்பந்து கிளப்களில் பெஞ்சில் உட்காருகிறவர்களின் மனநிலை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு உடன்பாடில்லை. அவ்வளவு சம்பளம் வாங்குகிறவருக்கு ஒரு ஆட்டத்தில் இடம் கிடைக்கவில்லை என்றால் என்ன மனக்கஷ்டம் வந்துவிடப் போகிறது? நான் இருபது வருடத்துக்கு மேல் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தவன். யாரை எங்கே போடுவது என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள், நாங்கள் வாயைத் திறக்காமல் செய்துவிட்டு வருவோம். கால்பந்து கிளப்பின் மேனேஜர், அதாவது அணியைத் தேர்வு செய்கிற தலைமைப் பயிற்சியாளர், அவர் வேலையும் ஜெயிப்பது மட்டும்தான். 1990-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜர் ஃபெர்குசன் தன் கோல்கீப்பர் ஜிம் லெய்ட்டனை வெளியே உட்கார வைத்துவிட்டு லெஸ் சீலியை இறக்கினார். கோப்பை கைக்கு வந்தது. மனநிலை பார்த்துக்கொண்டிருந்தால் வந்திருக்குமா? நீங்களாக இருந்தால் அன்று யாரை இறக்கியிருப்பீர்கள்? நேராகப் பதில் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

நேராகவே சொல்கிறேன். நானும் சீலியைத்தான் இறக்கியிருப்பேன்.

இறுதியில் கிரிஸ்டல் பேலஸுடன் நடந்த முதல் ஆட்டத்தில் லெய்ட்டன்தான் நின்றார், அது 3-3 என்று சமநிலையில் முடிந்தது. லெய்ட்டன் அந்த சீசனின் கடைசியில் நல்ல ஃபார்மில் இல்லை என்பது பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஐந்து நாள் கழித்து நடந்த மறு ஆட்டத்தில் சீலி நின்றார், லீ மார்ட்டின் அடித்த ஒரே கோலில் மான்செஸ்டர் யுனைடெட் 1-0 என்று ஜெயித்தது. அங்கே ஃபெர்குசனுக்குக் கிடைத்த முதல் கோப்பை அதுதான். ஆக முடிவு சரி, அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை.

ஆனால் நீங்கள் கதையைக் கோப்பையோடு நிறுத்திவிட்டீர்கள், எனக்கு அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். லெய்ட்டன் ஃபெர்குசனுக்கு எங்கிருந்தோ வந்து சேர்ந்தவர் அல்ல. 1983-இல் ஸ்காட்லாந்தின் அபெர்டீன் கிளப் ரியல் மாட்ரிட்டைத் தோற்கடித்து ஐரோப்பாவின் ‘கோப்பை வென்றவர்கள் கோப்பை’ என்ற போட்டியில் ஜெயித்த அன்று மேனேஜர் ஃபெர்குசன், கோல் கம்பங்களுக்கு நடுவே லெய்ட்டன். பின்னால் ஃபெர்குசனை நம்பித்தான் லெய்ட்டன் யுனைடெட்டுக்கே வந்தார். அந்த மறு ஆட்டத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது, யுனைடெட்டில் லெய்ட்டனின் காலமும் ஏறக்குறைய முடிந்தது. இன்னொன்று பாருங்கள்: ஜெயித்த சீலி தன் பதக்கத்தைக் கொண்டுபோய் லெய்ட்டனிடம் கொடுத்தார், லெய்ட்டன் அதை வைத்துக்கொள்ளவில்லை. வேறொரு கிளப்பிலிருந்து தற்காலிகமாக, கடனுக்கு வந்து ஒரு சில ஆட்டங்களே ஆடிய ஒருவர், தன் வாழ்க்கையின் ஆகப்பெரிய இரவில் கிடைத்ததைத் தூக்கி அடுத்தவருக்குக் கொடுக்கிறார் என்றால், உட்கார வைக்கப்பட்டவரின் வலி அந்த அறையில் இருந்த மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த வலியைப் பற்றித்தான் நான் எழுதினேன். அதைப் பார்த்து ஆளைத் தேர்வு செய்யச் சொல்லி நான் எங்கேயும் எழுதவில்லை.

சம்பள விஷயத்துக்கு வருகிறேன். நிறுவனத்தில் உங்களை ஒரு வேலையிலிருந்து தூக்கி இன்னொன்றில் போட்டார்கள், சரி, ஆனால் மறுநாள் காலை செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. ஆட்டக்காரருக்கு அது இல்லை. அவருடைய தொழில் என்பதே அந்த 90 நிமிடம், மீதி நாளெல்லாம் அதற்கான தயாரிப்பு. தொழில் முழுவதற்கும் பதினைந்து வருடம் கிடைத்தால் பெரிய விஷயம். அதில் ஒரு சீசனை வெளியே உட்கார்ந்து கழித்தால் அந்த வருடத்தை எந்தச் சம்பளமும் திருப்பித் தராது. பணத்தைப் பொறுத்தவரையும்கூட பலருடைய ஒப்பந்தத்தில் ஆடினால் இவ்வளவு, கோல் அடித்தால் இவ்வளவு என்று பிரித்துத்தான் எழுதியிருப்பார்கள். ஃபிஃபாவே இதைப் புரிந்துகொண்டு ஒரு விதி வைத்திருக்கிறது: ஒரு சீசனில் கிளப் ஆடிய அதிகாரபூர்வ ஆட்டங்களில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே ஆட வாய்ப்புக் கிடைத்த, தொழிலில் காலூன்றிவிட்ட தொழில்முறை ஆட்டக்காரர், அதையே நியாயமான காரணமாகக் காட்டி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள முடியும். சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தாலும் முறிக்கலாம். ஆடக் கிடைக்காததே ஒரு இழப்பு என்று விதிப் புத்தகமே ஒப்புக்கொள்கிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கில் ஒரு கிளப் 25 பேர் வரை பட்டியல் கொடுக்கலாம், 21 வயதுக்கு உட்பட்டவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஆட்டத்தன்று 11 பேர் இறங்குவார்கள், 9 பேர் பெஞ்சில், அந்த 9 பேரில் 5 பேரை உள்ளே விடலாம். எல்லோரும் உடம்பு சரியாக இருக்கிறார்கள் என்றால், ஐந்து பேரையும் இறக்கிய பிறகும் 9 பேர் பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போவார்கள். நான்கு பேர் ஜெர்சியோடு, ஐந்து பேர் சொந்த உடுப்போடு. ஒவ்வொரு வாரமும்.

இந்த ஒன்பது பேர்தான் கிளப்பின் வாரத்தை நடத்துகிறார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? ஆட்டத்துக்கு மறுநாள் பயிற்சி மைதானம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆடியவர்கள் உள்ளே மெதுவாக சைக்கிள் மிதித்துக்கொண்டு, மசாஜ் செய்துகொண்டு, முந்தின நாள் கோலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். வெளியே, முக்கால்வாசி காலியான மைதானத்தில், ஆடாத எட்டு ஒன்பது பேர் நான்குக்கு நான்கு என்று பிரிந்து ஓடிக்கொண்டிருப்பார்கள், ஆட்டத்தில் ஓட வேண்டிய ஓட்டத்தையெல்லாம் இங்கே ஓடித் தீர்க்க வேண்டும் என்பதற்காக. பார்க்க ஆள் இருக்காது, பல நேரம் மேனேஜரே இருக்கமாட்டார். அந்த ஓட்டத்தில் அவர்கள் உயிரைக் கொடுத்து ஓடுகிறார்களா, கடமைக்கு ஓடுகிறார்களா என்பது மூன்று வாரம் கழித்து, ஆடுகிறவர் ஒருவர் தொடைத்தசை பிடித்து வெளியேறி இவர்களில் ஒருவர் இறங்கும்போது தெரியும்.

அடுத்த ஆட்டத்துக்கு முந்தைய நாளும் அப்படித்தான். உதவிப் பயிற்சியாளர் இரண்டு நிறத்தில் கையில்லாத மேலாடைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு வருவார். கார்னர் கிக் ஒத்திகை. யாருக்கு எந்த நிறம் என்று ஒவ்வொன்றாகக் கொடுக்கக் கொடுக்க, எல்லோருடைய கண்ணும் அந்தக் கைமேலேயே இருக்கும். சென்டர் ஃபார்வர்டுக்கு ஆரஞ்சு, இரண்டு விங்கருக்கும் ஆரஞ்சு, தனக்கு மட்டும் பச்சை வந்தால் அவருக்குச் சேதி சொல்லியாயிற்று. போன வாரம் கோல் அடித்தவராகவும் இருப்பார். ஒருவர் தன் இடம் போனதைத் துணியின் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது இருக்கிறதே, எனக்கு இந்தத் தொழிலில் ஆகவே ஆகாத விஷயம் அதுதான். ஐந்து நிமிடம் முன்னால் தனியாகக் கூப்பிட்டு, "நாளை நீ இல்லை, காரணம் இது" என்று சொல்ல ஒரு மேனேஜருக்கு நேரம் இல்லாமல் போகாது. மனம்தான் வருவதில்லை. ஃபெர்குசனே அணியை அறிவிப்பதற்கு முன் நீக்கப்படுகிறவரைத் தனியாக அழைத்துத் தன் வாயாலேயே சொல்வதை வழக்கமாக வைத்திருந்ததாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் முன்மாதிரியாகக் காட்டுகிற அதே மனிதர்தான்.

சொல்கிற காரணம் உண்மையாக இருக்க வேண்டும், இது இன்னும் கஷ்டம். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பது சமாளிப்பு. ஆட்டக்காரர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். வேகம் குறைந்துவிட்டது, எதிரணியின் இடது பக்கத்தை மறிக்க இன்னொருவர் பொருத்தம், உன்னை ஜனவரியில் விற்கப் போகிறோம், எதுவாக இருந்தாலும் சொல்லிவிடலாம். கோபப்படுவார், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார், அப்புறம் பயிற்சிக்கு வந்துவிடுவார். சொல்லாமல் விட்டால் அவரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்வார், அது எப்போதும் நிஜக் காரணத்தைவிட மோசமாகத்தான் இருக்கும், அதை அவருடைய ஏஜெண்ட் இன்னும் ஊதிப் பெரிதாக்குவார்.

எல்லோருக்கும் மாற்றி மாற்றி வாய்ப்புக் கொடுத்தால் அணி சந்தோஷமாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள், அதை நான் ஏற்கவில்லை. 2015-16 சீசனில் லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக் பட்டம் வென்றபோது அதன் மேனேஜர் ரானியேரி ஏறக்குறைய ஒரே பதினொருவரைத்தான் இறக்கிக்கொண்டிருந்தார். கோல்கீப்பர் ஷ்மைக்கேலும் கேப்டன் மார்கனும் 38 லீக் ஆட்டங்களிலும் ஒரு நிமிடம்கூட விடாமல் ஆடினார்கள். இரண்டாவது கோல்கீப்பர் ஷ்வார்ட்ஸருக்கு அந்த சீசனில் லீக்கில் ஒரு ஆட்டமும் இல்லை. அந்த அணி உடையவில்லை. யார் முதல், யார் இரண்டாவது என்பது ஒளிவுமறைவு இல்லாமல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது அதற்கு ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

அடுத்தது, திரும்பி வர வழி இருக்க வேண்டும். 2011 செப்டம்பரில் மியூனிக்கில் மான்செஸ்டர் சிட்டியின் கார்லோஸ் டெவெஸ் மாற்று வீரராக இறங்க மறுத்தார் என்று அதன் மேனேஜர் மான்சினி சொன்னார், டெவெஸ் அதை இல்லை என்றார். தன் கீழ் இனி அவர் ஆடவே மாட்டார் என்று அன்றிரவே மான்சினி அறிவித்தார். டெவெஸ் அர்ஜென்டினாவுக்குப் போய் மாதக்கணக்கில் அங்கேயே இருந்தார். அப்படிப் போய்விட்டது தவறு, சந்தேகமே இல்லை. ஆனால் மன்னிப்புக் கேட்ட பிறகு மார்ச்சில் அதே மான்சினி அவரை இறக்கினார், ஏப்ரலில் நார்விச்சுக்கு எதிராக ஹாட்ரிக். அந்த சீசனில் மான்செஸ்டர் சிட்டி பட்டம் வென்றது கோல் வித்தியாசத்தில், அவர்களுக்கும் இரண்டாவதாக வந்த அணிக்கும் 89 புள்ளிகள். செப்டம்பரில் சாத்திய கதவைத் திறக்காமலே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மான்சினிதான் சொல்ல வேண்டும்.

கதவு எப்போதும் திறந்தே இருந்த ஒரு அணியும் உண்டு. 2024 மே மாதம், ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, ரியல் மாட்ரிட் தன் மைதானத்தில் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்கிடம் 0-1 என்று பின்தங்கியிருக்கிறது. 81-வது நிமிடத்தில் மாட்ரிட் மேனேஜர் ஆன்செலோட்டி ஹொசேலுவை இறக்குகிறார். வயது 34, இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்ட எஸ்பான்யோலிலிருந்து கடனுக்கு வந்தவர். 88-வது நிமிடத்தில் ஒரு கோல், இஞ்சுரி டைமில் இன்னொன்று. அந்த முதல் கோலைத் திரும்பப் பாருங்கள். சக ஆட்டக்காரர் வினீசியஸ் அடித்த பந்து பயர்ன் கோல்கீப்பர் நோயர் கையிலிருந்து நழுவுகிறது, அது நழுவும் முன்பே ஹொசேலு ஓட ஆரம்பித்துவிட்டார். மாதக்கணக்கில் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தவருக்கு, பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்று தெரிந்தும், அந்த இரண்டு அடி ஓடத் தோன்றியிருக்கிறது. மனநிலை என்று நான் சொல்வது இதைத்தான். அதே அணியின் கேப்டன் நாச்சோ, கிளப்பின் அகாடமியிலேயே வளர்ந்து, பெரும்பாலான வருடங்கள் மாற்று ஆளாகவே இருந்தவர். அடுத்த மாதம் இறுதியில் ஜெயித்தபோது அவருக்கு அது ஆறாவது சாம்பியன்ஸ் லீக்.

உங்கள் கேள்விக்கே திரும்புகிறேன், சீலியை இறக்குவேன் என்று சொன்னேன். இறக்குவதற்கு முன்னால் லெய்ட்டனின் அறைக் கதவைத் தட்டியிருப்பேன், மறுநாள் இன்னொரு முறையும் தட்டியிருப்பேன், அவர் திறக்கவில்லை என்றால் அடுத்த வாரமும். அந்த இரவில் எல்லோரும் அவரை முடிந்துபோனவர் என்றுதான் நினைத்தார்கள். அவர் ஸ்காட்லாந்துக்குத் திரும்பினார், மெல்ல மெல்லத் தன் இடத்தைப் பிடித்தார். 1998 உலகக் கோப்பையின் முதல் ஆட்டம் பிரேசிலுக்கும் ஸ்காட்லாந்துக்கும். ரொனால்டோவும் ரிவால்டோவும் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றது ஜிம் லெய்ட்டன், 39 வயதில்.

அன்புடன்.