சோலைவரியில் பாதித் தள்ளுபடி ஏன் கூடாது?

கேள்வி: மாநகர சபை வீடுகளின் பெறுமதியை மறுபடி மதிப்பிட்டதோடு எங்கள் சோலைவரி (வீடு, காணிக்குச் சபை அறவிடும் வரி) ஏறிவிட்டது. சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்குப் பாதியைத் தள்ளுபடி செய்து, அந்தக் குறையை வெளிநாட்டில் இருப்பவர்கள் பூட்டி வைத்திருக்கும் வீடுகளிடம் அறவிட்டால் என்ன?
- வாசகர், வண்ணார்பண்ணை, யாழ்ப்பாணம்

பதில்: கூடாது. பாதித் தள்ளுபடி என்றால், 4,000 ரூபா கட்டுகிற ஓட்டு வீட்டுக்கு 2,000 மிஞ்சும். 40,000 கட்டுகிற மாடி வீட்டுக்கு 20,000 மிஞ்சும். வாடகைக்கு இருப்பவருக்கு ஒரு சதமும் இல்லை, வீட்டுக்காரர் கட்டும் வரி அவர் கொடுக்கும் வாடகைக்குள் அடங்கியிருந்தாலும். இதை ஏழைகளுக்கான சலுகை என்று சொல்ல முடியாது. இன்னொன்று: ஆண்டுக்கு 6,000 ரூபா வரி நிரந்தரமாகக் குறைந்தால், 10 வீத வட்டிக் கணக்கில் (60,000க்கு ஆண்டு வட்டி 6,000) அந்தக் காணியின் விலை ஏறத்தாழ 60,000 ரூபா கூடும். இன்று வைத்திருப்பவருக்கு அது லாபம். நாளைக்கு வாங்க வரும் இளம் குடும்பம் அந்தச் சலுகைக்கும் சேர்த்து விலை கொடுக்கும்.

பூட்டிய வீடுகளும் வரிக்கு வெளியே இல்லை. வரி நிற்பது வருடாந்தப் பெறுமதியில். அதாவது, அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்பதில். உள்ளே யார் இருக்கிறார் என்பது கணக்கில் இல்லை. மகன் லண்டனில், தாய் வீட்டில் என்றால் அது யாருடைய வீடு? இந்த விசாரணையைச் சபை ஊழியரிடம் கொடுத்தால் சிபாரிசுக்குத்தான் வழி திறக்கும்.

உங்கள் வரி = வருடாந்தப் பெறுமதி × சபை தீர்மானிக்கும் வீதம். எல்லாருடைய பெறுமதியும் இரண்டு மடங்கானால், சபை வீதத்தைப் பாதியாக்கி அதே வருமானத்தைப் பெறலாம். ஆகவே பொதுவான ஏற்றத்துக்குக் கேள்வி கேட்க வேண்டிய இடம் வீதத்தைத் தீர்மானிக்கும் சபை. உங்கள் வீட்டுக்கு மட்டும் அதிகமாக மதித்திருந்தால்தான் ஆட்சேபனை பலிக்கும்.

அந்த ஆட்சேபனையை எழுத்தில், அறிவித்தலில் குறித்த திகதிக்குள் (வழமையாக ஒரு மாதம்) கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். “கட்ட வசதியில்லை” என்று எழுதினால் மதிப்பீடு குறையாது. அதே ஒழுங்கையில் அதே அளவு வீடுகளின் வாடகை, உங்கள் வீட்டின் சதுர அடி, வயது, வாகனம் நுழையாத பாதை, மாரியில் வெள்ளம் நிற்பது: இவைதான் எடுபடும். உங்கள் வீட்டைப் பற்றிய சபையின் பதிவையும் ஒன்றுவிடாமல் பாருங்கள். இல்லாத மேல்மாடி, பிரித்துக் கொடுத்துவிட்ட காணி, மூடிவிட்ட முன்கடை எல்லாம் அதில் இருக்கக்கூடும். சபையின் முடிவு திருப்தியில்லை என்றால் நீதிமன்றம் போகலாம்.

சட்டம் ஏற்கெனவே தருகிற சலுகையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முழு ஆண்டு வரியையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதக் கழிவு. காலாண்டின் முதல் மாதத்துக்குள் அந்தக் காலாண்டின் பங்கைக் கட்டினால் 5 வீதம். 12,000 ரூபா வரிக்கு முதல் வழியில் 10,800, இரண்டாவதில் தடவைக்கு 2,850 ஆக நான்கு தடவை, மொத்தம் 11,400. ஜனவரியில் 2,850க்குப் பதில் 10,800 கட்டும்போது, மேலதிகமாக 7,950 போட்டு 600 மிச்சம் பிடிக்கிறீர்கள். அந்தப் பணம் சராசரியாக ஆறு மாதம் முன்னே போகிறது. ஆண்டு வட்டியாகப் பார்த்தால் சுமார் 15 வீதம். கையில் காசிருந்தால் ஜனவரியிலேயே கட்டுங்கள். கடன் வாங்கிக் கட்ட வேண்டாம்.

உண்மையில் கட்ட முடியாத முதியவர்களும் விதவைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கேளுங்கள், முழுக் குரலோடு: வருமானம் பார்த்துத் தரும் விலக்கு, அல்லது வீடு விற்கும்போது நிலுவையை எடுத்துக்கொள்ளும் ஒத்திவைப்பு. தெருவிளக்கும் குப்பை வண்டியும் பொது நூலகமும் தீயணைப்பும் நடத்தும் மாநகர சபைக்கு இந்த வரி முக்கிய வருமானம்.

இறந்த தகப்பனார் பெயரிலேயே பற்றுச்சீட்டு வருகிறதென்றால், காணி உறுதியின் பிரதியோடு போய்ப் பெயரை மாற்றுங்கள். அறிவித்தல் பழைய பெயருக்குப் போய் ஆட்சேபனைத் திகதி தாண்டிவிடும். நிலுவை சேர்ந்தால் அதை அறவிடப் பிறப்பிக்கும் வாரண்டின் செலவும் ஏறும். அதைக் கட்டும்வரை சொத்தும் பொறுப்பிலிருந்து விடுபடாது.