முதல் பாம்பு எது? குட்டியா, வளர்ந்ததா?

கேள்வி: பாம்பு வளர்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இதுவரை நாயும் மீனும்தான் வளர்த்திருக்கிறேன். வீட்டில் எட்டு வயது மகள் இருக்கிறாள். கடிக்காத, சாதுவான பாம்பாக ஒன்று சொல்லுங்கள். குட்டியாக வாங்கினால் நன்றாகப் பழகிவிடும் அல்லவா?

பதில்: கடிக்கவே கடிக்காத பாம்பு கிடையாது. பயந்தால் எதுவும் கடிக்கும். ஆனால் விஷமில்லாத, ஐந்தடிக்கு மேல் அதிகம் போகாத, சட்டென்று சீறாத பாம்புகள் உண்டு. உங்களுக்கு நான் சொல்வது, வளர்ப்பிடத்தில் முட்டை பொரித்து வந்த, ஒரு வயது தாண்டிய கார்ன் ஸ்நேக். குட்டி வேண்டாம்.

நாய்க்குட்டி வளர்த்த அனுபவத்தில்தான் குட்டி என்று கேட்கிறீர்கள். பாம்பு அப்படிப் பாசம் வைத்துப் பழகுவதில்லை. 'இந்தக் கையால் ஆபத்தில்லை' என்று தெரிந்துகொள்ளும், அவ்வளவுதான். பென்சில் பருமனில் இருக்கும் கார்ன் ஸ்நேக் குட்டிக்கு மேலிருந்து இறங்கும் கை என்றாலே தன்னைத் தின்ன வரும் ஏதோ ஒன்று. வாலைப் படபடவென்று அடிக்கும், பாய்ந்து கொத்தும், விரலிடுக்கில் நழுவி ஓடும். அந்தக் கடி பெரிதாக வலிக்காது. ஆனால் நீங்கள் கையை வெடுக்கென்று இழுப்பீர்கள், அடுத்த முறை தொடவே தயங்குவீர்கள். தவிர, சில குட்டிகள் சாப்பிடவே அடம்பிடிக்கும். ஒரு வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டு வளர்ந்த பாம்பிடம் இந்த இரண்டு தொல்லையும் குறைவு.

பால் பைத்தான் (ball python) என்ற சிறிய மலைப்பாம்பைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கையில் வைத்திருக்க அதைவிட நிதானமான பாம்பு அபூர்வம். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். பெயரே அதனால் வந்ததுதான். சிக்கல் சாப்பாட்டில். ஆரோக்கியமான பால் பைத்தான்கூடத் திடீரென்று மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். பழகியவர் எடையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார். புதியவர் தூக்கமில்லாமல் தவிப்பார். கூண்டின் ஈரப்பதத்தையும் கார்ன் ஸ்நேக்கைவிட உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். இன்னொன்று, கார்ன் ஸ்நேக் 15 முதல் 20 வருடம் இருக்கும். பால் பைத்தான் 30ஐக்கூடத் தொடும். உங்கள் மகளுக்குத் திருமணமாகி அவள் தனிக்குடித்தனம் போன பிறகும் அது உங்கள் வீட்டில்தான் இருக்கும்! ஆசைப்பட்டு அதையே வாங்கினாலும் 'ஸ்பைடர்' என்ற நிறவகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த நிறத்தோடு சேர்ந்தே தலை ஆடும் நரம்புக் கோளாறும் பரம்பரையாக வருகிறது.

மற்றவற்றில் கென்யன் சாண்ட் போவா சின்னது, சாது. ஆனால் பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே புதைந்து கிடக்கும், மகள் இரண்டே நாளில் சலித்துப்போவாள். கிங் ஸ்நேக் நல்ல பாம்புதான்; பசியில் விரலையும் எலியாக நினைத்துக்கொள்ளும். ஹாக்னோஸுக்குப் பின்பற்களில் லேசான நஞ்சு உண்டு, குழந்தை இருக்கும் வீட்டில் முதல் பாம்பாக வேண்டாம். பர்மியப் பைத்தான் மிகப் பெரிதாக வளரும் மலைப்பாம்பு; அதன் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

வாங்கப் போகும்போது நிறத்தில் மயங்காதீர்கள். எப்போது பொரித்தது, கடைசியாக என்றைக்கு என்ன சாப்பிட்டது என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அது காட்டில் பிடித்ததாக இருக்கலாம். அப்படிப்பட்டவை பெரும்பாலும் ஒட்டுண்ணியோடும் மிரட்சியோடும் வரும். உறைய வைத்து இளக்கிய செத்த எலியைத் தின்னும் பாம்புதான் உங்களுக்குச் சரி, முடிந்தால் உங்கள் கண்முன் தின்னச் சொல்லிப் பாருங்கள். கையில் எடுத்தால் விரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடிக்க வேண்டும். கயிறுபோலத் தொங்கினால் வேண்டாம். மூச்சில் கரகரப்போ மூக்கில் குமிழோ இருந்தால் நுரையீரல் தொற்றாக இருக்கலாம். கண் ஓரத்திலும் தாடைக்கு அடியிலும் மிளகுத்தூள் போலக் கரும்புள்ளிகள் நகர்ந்தால் அது சிற்றுண்ணி.

பாம்பு வருவதற்கு முன்பே கூண்டு தயாராக இருக்கட்டும். ஒரு பக்கம் 30 டிகிரி செல்சியஸ் அளவில் வெதுவெதுப்பு, மறுபக்கம் 24 அளவில் குளிர்ச்சி, இரண்டு பக்கமும் ஒளிய ஓரிடம். சூட்டைக் கட்டுப்படுத்த தெர்மோஸ்டாட் கட்டாயம். மின்சாரத்தில் சூடாகும் கல் வேண்டாம், வயிற்றைச் சுட்டுவிடும். மூடிக்குப் பூட்டு போடுங்கள். தலை நுழைகிற இடுக்கில் கார்ன் ஸ்நேக் முழுதாகப் போய்விடும்.

வந்த முதல் வாரம் தொடாதீர்கள். அப்புறம் ஒரு தடவையாவது சாப்பிடட்டும். சாப்பிட்ட 48 மணி நேரத்துக்குள் தூக்கினால் இரையைக் கக்கிவிடலாம். கண் பால்போல மங்கினால் சட்டை உரிக்கப்போகிறது என்று அர்த்தம். அப்போது பார்வை சரியாகத் தெரியாமல் மிரளும், விட்டுவிடுங்கள். எலி வாசனையுள்ள கையோடு கூண்டுக்குள் போகாதீர்கள், பசிக்கடி பெரும்பாலும் அப்படித்தான் விழுகிறது. கடித்தால் பிடுங்கி இழுக்க வேண்டாம், பற்கள் பின்னோக்கி வளைந்தவை. அதுவாக விட்டதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மகள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பிடிக்கலாம், முகத்தருகே கொண்டுபோகக் கூடாது. சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் தொட்ட பிறகு ஒவ்வொரு முறையும் கை கழுவ வேண்டும்.

காசு கொடுக்கும் முன் மூன்று வேலை. உங்கள் ஊர்ச் சட்டம் இந்தப் பாம்பை வளர்க்க விடுகிறதா, உரிமம் தேவையா என்று பாருங்கள். பாம்புக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். மூன்றாவதைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்: வளர்ந்த கார்ன் ஸ்நேக்குக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு எலி வேண்டும், அது உங்கள் வீட்டு ஃப்ரீசரில்தான் இருக்கப்போகிறது. வீட்டில் இருப்பவர்களிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.