வாங்கிய ஜிபி எங்கே போச்சு? ஹார்ட் டிஸ்க் கேள்வி-பதில்

ஆவணி முகூர்த்தங்கள் முடிந்து கல்யாண வீடியோக்கள் டிஸ்க்கில் ஏறும் நேரம் இது. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ‘வாங்கிய அளவு காட்டவில்லை’ என்ற ரகம்தான்.

1 டிபி டிஸ்க் வாங்கினேன். 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?
(கல்லூரி மாணவி, காரைக்குடி)

ஏமாறவில்லை. டிஸ்க் செய்பவர்களுக்கு 1 டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதை 1024-ஆல் மூன்று முறை வகுத்து, வருவதை ஜிபி என்று போடுகிறது. விடை 931. டிரைவை வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். முழு பைட் கணக்கும் அங்கேயே இருக்கும்.

ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பழைய டெஸ்க்டாப்பில் 3 டிபி டிஸ்க் மாட்டினேன். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 2048 ஜிபி ஒரு துண்டாகவும், 746 ஜிபி தனியாகவும் நிற்கிறது. அந்த 746-ஐ எதுவும் செய்ய முடியவில்லை. டிஸ்க் பழுதா?
(தேவகோட்டை)

டிஸ்க் நல்ல டிஸ்க்தான் அண்ணே, கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். கோளாறு பேரேட்டில்.

டிஸ்க்கை 512 பைட் கொண்ட சிறு சிறு செக்டர்களாக எண்ணுகிறார்கள். எந்தப் பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த துண்டு) எந்த செக்டரில் தொடங்குகிறது, எத்தனை செக்டர் நீளம் என்று டிஸ்க்கின் தலைப்பிலேயே ஒரு பேரேடு இருக்கிறது. பழைய பேரேட்டுக்குப் பெயர் எம்பிஆர். அதில் செக்டர் எண் எழுத ஒதுக்கிய இடம் 32 பிட். 32 பிட்டில் சுமார் 429 கோடி வரை எண்ணலாம். அதை 512-ஆல் பெருக்கினால் 2.2 டிபி, விண்டோஸ் கணக்கில் 2048 ஜிபி. நம் ஊர்ப் பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். வரிப் பதிவேட்டில் இரண்டாம் கட்டு வரைதான் எழுத இடம் என்றால் பின்கட்டு இருந்தும் கணக்கில் வராது. உங்கள் 746 ஜிபி அந்தப் பின்கட்டு.

வழி, ஜிபிடி என்ற புதிய பேரேடு. அதில் 64 பிட் இடம் உண்டு. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ‘டிஸ்க் 1’ என்று எழுதியிருக்கும் சாம்பல் கட்டத்தை வலது கிளிக் செய்தால் ஜிபிடி-க்கு மாற்றும் வரி வரும். பார்ட்டிஷன் இருக்கும் வரை அந்த வரி மங்கலாகவே நிற்கும். எல்லாவற்றையும் அழித்தால்தான் தெளியும். ஆகவே முதலில் வீடியோக்களை வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். நகல் எடுத்தாயிற்று என்று நினைத்து விட்டுவிடாமல், நாலைந்து ஃபைலைத் திறந்து ஓட விட்டும் பாருங்கள்.

விண்டோஸ் விஸ்டா முதல் ஜிபிடி டிஸ்க்கை, ஃபைல் போட்டுவைக்க மட்டும் என்றால், பழைய பயாஸ் (மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) உள்ள மெஷினிலும் வைத்துக்கொள்ளலாம். அதே டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் பூட் ஆக வேண்டுமென்றால் மதர்போர்டில் பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ தேவை.

புதுவயலில் அரிசி ஆலை. கேமரா பதிவு 5 ஜிபி ஃபைல், 64 ஜிபி பென்டிரைவில் ஏற மறுக்கிறது.

பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. உள்ளதை எடுத்துவைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் என்று ஃபார்மட் செய்யுங்கள்.

ஐயாவின் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் 160 ஜிபி டிஸ்க் 128 ஜிபிதான் காட்டுகிறது. பழைய வீட்டுப் படங்களும் வரவு செலவுக் கணக்கும் அதில்தான். சரிசெய்து ஓட்டலாமா?
(கானாடுகாத்தான்)

இதுவும் அதே கதை, பேரேட்டுக்குப் பதில் இங்கே கம்பிவழிப் பேச்சில். அகலப் பட்டைக் கேபிளில் மாட்டும் அந்தக் காலத்து ஐடிஇ டிஸ்க்குகளிடம் செக்டர் எண் கேட்க 28 பிட்தான் இருந்தது: 137 ஜிபி, விண்டோஸ் கணக்கில் 128. பிறகு 48 பிட் ஆக்கினார்கள். எக்ஸ்பிக்கு அது 2002-இல் வந்த சர்வீஸ் பேக் 1-உடன் கிடைத்தது. பயாஸும் ஒத்துழைக்க வேண்டும்.

ஆனால் தயவுசெய்து சரிசெய்யும் வேலையில் இறங்காதீர்கள். எல்லை தெரியாத மெஷின் 128-ஐத் தாண்டி எழுதப் போனால், எண் சுற்றிவந்து டிஸ்க்கின் தொடக்கத்திலேயே எழுதி, இருப்பதை அழித்துவிடக்கூடும். மெஷினை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇ-யுஎஸ்பி அடாப்டர் வழியாகப் புதிய கம்ப்யூட்டருக்கு நகல் எடுங்கள். ஐயாவின் கணக்கு பத்திரமான பிறகு எக்ஸ்பியை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

எக்ஸ்டர்னல் பெட்டி ரிப்பேர். உள்ளே இருந்த 4 டிபி டிஸ்க்கை டெஸ்க்டாப்பில் நேராக மாட்டினால் ‘ஃபார்மட் செய்யவா?’ என்கிறது. செய்யலாமா?
(பள்ளத்தூர்)

கூடாது. கேன்சல் கொடுங்கள்.

சில பெட்டிகள் 2 டிபி எல்லையைத் தாண்டுவதற்காக, 512 பைட் செக்டர்களை எட்டெட்டாகச் சேர்த்து 4096 பைட் என்று கம்ப்யூட்டரிடம் சொல்கின்றன. பார்ட்டிஷன் கணக்கு அந்த அளவில் எழுதப்பட்டிருக்கும். நேராக மாட்டும்போது கம்ப்யூட்டர் 512 என்று எண்ணி, தப்பான இடத்தில் தேடி, ஒன்றுமில்லை என்கிறது. அதே மாடல் பெட்டி ஒன்றைத் தேடி அதில் போட்டால் பெரும்பாலும் அப்படியே திறக்கும். சில பெட்டிகள் எழுதும்போதே குறியாக்கமும் செய்யும். அதனாலும் அதே மாடல்தான் நல்லது.

இப்படி வந்த ஒரு டிஸ்க்கில் ஃபார்மட் அழுத்திவிட்டுத்தான் என்னிடம் கொண்டுவந்தார்கள். மீட்டதில் விருந்துப் பந்தி முழுக்கக் கிடைத்தது, திருப்பூட்டுகிற காட்சி கிடைக்கவில்லை. பெண்ணின் ஆச்சி அந்த வருஷமே தவறிவிட்டார். அவர் அட்சதை போட்டது அந்தக் காட்சியில்தான் இருந்தது.

ஆன்லைனில் 16 டிபி போர்ட்டபிள் டிஸ்க் 1,800 ரூபாய். வாங்கலாமா?

வேண்டாம். கையடக்க 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் 5, 6 டிபியோடு நின்றுவிடுகிறது. இந்த விலைக்கு வருவதில் சின்ன மெமரி கார்டை வைத்து, 16 டிபி என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். நிரம்பிய பிறகு போடுவதெல்லாம் பெயரளவில் தெரியும், திறக்காது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். உண்மை அளவைச் சொல்லிவிடும்.

புதிதாக எம்.2 எஸ்எஸ்டி போட்டேன். நன்றாக இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போய்விட்டது.
(கோட்டையூர்)

பல மதர்போர்டுகளில் எஸ்எஸ்டி செருகும் எம்.2-வும், ஹார்ட் டிஸ்க் கேபிள் செருகும் ஏதாவது ஒரு சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஒன்று வந்தால் மற்றது அணைந்துவிடும். எந்த போர்ட் என்று மதர்போர்டு கையேட்டில் போட்டிருக்கும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றிச் செருகுங்கள், டிஸ்க் வந்துவிடும்.