சுவரும் சாமானும்

அன்புள்ள ஐயா,

நான் திருச்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் கணவருடனும் இரு பிள்ளைகளுடனும் வசிக்கிறேன். வங்கியில் பணி. வீடு வாங்கி 14 ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை ஒருமுறைகூட பெயின்ட் அடிக்கவில்லை. மாலையில் கதவைத் திறந்ததுமே மனம் சோர்ந்துவிடுகிறது. பரண், கட்டிலின் அடி, பால்கனி என எங்கும் சாமான்கள். படுக்கையறையின் மேற்குச் சுவரில் ஓதம் ஊறி வண்ணம் உரிகிறது. கணவரிடம் சொன்னால், வீடு நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார். சீட்டு எடுத்த பணம் 2 லட்சம் கையில் உள்ளது. உள் அலங்காரம் செய்பவர் ஒருவர் ஃபால்ஸ் சீலிங், டி.வி. யூனிட், புது வண்ணம், காற்றைச் சுத்திகரிக்கும் செடிகள் என்று ஒரு திட்டம் கொடுத்திருக்கிறார். வீட்டைப் புதுப்பித்தால் வாழ்க்கை மாறும் என்று நினைப்பது அசட்டுத்தனமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

அசட்டுத்தனம் இல்லை. உங்களுக்கும் கணவருக்கும் ஒரே வீடு இரண்டு விதமாகத் தெரிவதும் புதிதல்ல. லாஸ் ஏஞ்சலிஸில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களிடம், அவரவர் வீட்டைச் சுற்றிக்காட்டி விவரிக்கச் சொல்லிப் பதிவுசெய்து, அதன்பிறகு சில வேலைநாட்களில் அவர்களுடைய உமிழ்நீரில், மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் என்னும் சுரப்பின் அளவையும் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2010இல் வெளியானது. கார்ட்டிசால் காலையில் உயர்ந்திருந்து மாலைக்குள் நன்கு இறங்குவதே இயல்பு. வீட்டை அடைசல் என்றும் முடியாத வேலை என்றும் விவரித்த மனைவியரிடம் அது இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை; கணவர்களிடம் இந்தத் தொடர்பு அப்படித் தென்படவில்லை. அடைசலால்தான் சோர்வு வருகிறது என்பதை இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. சோர்ந்திருப்பவருக்கு வீடு அடைசலாகத் தெரிந்திருக்கவும் கூடும். ஆனால் நீங்கள் கதவைத் திறக்கும்போது உணர்வது கற்பனையல்ல என்று சொல்ல இது போதும்.

கணவரும் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். பரணைப் பார்த்தால் உங்களுக்கு என்றோ ஒருநாள் இறக்கிப் பிரிக்க வேண்டிய பாத்திரங்களும், யாருக்காவது கொடுக்க வேண்டிய பிள்ளைகளின் பழைய துணிகளும் நினைவுக்கு வருகின்றன. அவருக்குப் பரண் மட்டுமே தெரிகிறது, ஏனென்றால் அந்த வேலை அவருடையதாக இதுவரை இருந்ததில்லை. ஆகவே பணத்தைத் தொடுவதற்கு முன், பரணையும் பால்கனியையும் முழுவதுமாக அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். உங்களுக்கு உதவியாக அவர் இரண்டு மூட்டைகளை இறக்கிக் கொடுப்பதைச் சொல்லவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதைக் காயலான் கடைக்குப் போடுவது, எப்போது போடுவது என்ற முடிவு வரைக்கும் அவருடையதாக இருக்க வேண்டும். அவர் போட்டுவிட்ட ஏதோ ஒன்று பிறகு தேவைப்படலாம். அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் புது யூனிட் வாங்கினால், துடைப்பதற்கு இன்னும் சில அடுக்குகள் உங்களுக்கு வந்து சேரும், அவ்வளவுதான்.

அடுத்தது அந்த மேற்குச் சுவர். உங்கள் 2 லட்சத்தில் முதல் பங்கு அதற்குத்தான் போக வேண்டும். பட்டி பார்த்து இரண்டு கோட் எமல்ஷன் அடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நீர் வரும் வழியை அடைக்காதவரை, மேலே பூசுவது எதுவானாலும் ஓரிரு மழைக்காலத்தில் மறுபடி உரியும். மேல்தளமாகையால் மொட்டைமாடித் தளத்துக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையிலுள்ள மூலை, வெளிச்சுவரின் விரிசல், சன்ஷேடு சுவரோடு சேரும் இடம், சுவருக்கு அப்பால் குளியலறை இருந்தால் அதன் குழாய் என ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். மழை இல்லாத நாட்களிலும் சுவர் நனைந்தே இருந்தால் பெரும்பாலும் குழாய்தான் காரணம். முந்தைய தலைமுறையினர் தை பிறக்குமுன் சுண்ணாம்பு அடித்ததில் அழகைவிட இதற்குத்தான் பயன் அதிகம்: சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சையை எளிதில் வளரவிடாது, சுவரில் ஏறிய ஈரம் அதன் வழியே வெளியேறிக் காயவும் முடியும். இன்றைய எமல்ஷன் பூச்சுகள் பலவும் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுகின்றன. அதற்காக இருக்கிற எமல்ஷனுக்கு மேலேயே சுண்ணாம்பை அடித்தால் அது ஒட்டாது; பழையதைச் சிமென்ட் பூச்சு தெரியும் வரைக்கும் சுரண்டியாக வேண்டும்.

சுரண்டுவதில் ஓர் எச்சரிக்கை உண்டு. வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் வீடு அதற்கு முந்தையது. குறிப்பாக ஜன்னல், கதவு, கிரில் ஆகியவற்றின் எனாமல் பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த பரப்பில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி வீடு முழுக்கப் படியும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் கேடு. நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். அந்தச் சில நாட்கள் பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தரையை ஈரத்துணியால் துடைத்த பிறகே அவர்கள் திரும்பட்டும்.

ஃபால்ஸ் சீலிங்கை விட்டுவிடுங்கள் என்பது என் திடமான கருத்து. வசிக்கும் அறைக்குக் குறைந்தபட்ச உயரம் 2.75 மீட்டர், அதாவது சுமார் 9 அடி, என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது; அடுக்குமாடி வீடுகள் பலவும் அதைவிடச் சில அங்குலமே கூடுதலாக இருக்கும். அதில் அரை அடியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, மின்விசிறியையும் கீழே இறக்கித் தொங்கவிட்டு எதை அனுபவிக்கப் போகிறீர்கள்? உங்களுடையதைப் போன்ற மேல்தள வீட்டில் புழுக்கம் மேலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும். மொட்டைமாடித் தளத்தில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கலாமா என்று குடியிருப்புச் சங்கத்தில் கேளுங்கள். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரைச்சீலை தொங்கவிடுவதைக் காட்டிலும் வெளியே மூங்கில் தட்டி கட்டுவது மேல். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத் திரை பெரிதாகத் தடுத்துவிடாது. ஏதாவது ஓர் அறையில் ஜன்னலை மறைத்துப் பீரோ நிற்கிறதா என்றும் பாருங்கள், பெரும்பாலான வீடுகளில் நிற்கிறது. அதை நகர்த்த ஒரு ரூபாயும் செலவில்லை.

செடிகள் காற்றைச் சுத்திகரிக்கும் என்ற பேச்சு 1989இல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. அது மூடி அடைத்த சிறு பெட்டிகளில் நடந்த சோதனை. காற்று வந்துபோகும் சாதாரண அறையில் அந்தப் பலன் கிடைக்க வேண்டுமானால் நடக்க இடமின்றிச் செடிகளை நிரப்ப வேண்டும் என்பதை, அத்தகைய சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த 2019ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று காட்டியது. ஆனாலும் செடி வையுங்கள். பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்த நோயாளிகளில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிட முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன என்று ராஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் எழுதினார். கண்ணில் படும் இடத்தில் நான்கைந்து தொட்டிகள் போதும். தொட்டிக்கு அடியிலுள்ள தட்டையும் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அந்த அளவு நீரிலேயே முட்டையிடும். நீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் வெறுமனே கொட்டிவிடுவது போதாது.

கசிவை அடைக்கும் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தச் சுவர் நனையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகு, மாசி வாக்கில் வண்ணம் அடிக்கலாம். மீதிப் பணத்தை அதுவரை வங்கியிலேயே வைத்திருங்கள், டி.வி. யூனிட் வேண்டுமா என்பதைப் பரண் காலியான பின் முடிவுசெய்தால் போதும்.