டிகிரி முடித்தால் நல்ல சம்பளமா? பாடாங் செராய்க்காரர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

எஸ்பிஎம் (படிவம் ஐந்தின் இறுதித் தேர்வு) ரிசல்ட் வந்ததிலிருந்து, மலேசியாவில் கெடா மாநிலத்துப் பாடாங் செராய், லூனாஸ் பக்கத்துப் பெற்றோரும் பிள்ளைகளும் என்னைக் கேட்ட கேள்விகள் இவை. நான் தோட்டத்தில் பிறந்தவன். கூலிம் தொழிற்பேட்டையில் ஆள் எடுப்பது, சம்பளம் போடுவது என்று பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் சம்பள ஸ்லிப்பை வைத்துத்தான் எனக்குப் பேசத் தெரியும். ஊர் சின்னது, ஆகவே பெயர்களை விட்டுவிட்டேன்.

அங்கிள், எங்கள் லயத்து அண்ணன் ஃபேக்டரியில் ஆப்பரேட்டர். மாதம் 2,400 வெள்ளிக்கு மேல் எடுக்கிறார். டிகிரி முடித்த அவருடைய தங்கைக்கு 2,800தான். இந்த 400 வெள்ளிக்காகவா நான்கு வருடம் படிக்க வேண்டும்? (படிவம் ஐந்து முடித்த தம்பி)

நல்ல கேள்வி தம்பி. அண்ணனிடம் ஸ்லிப்பை வாங்கி வரி வரியாகப் பார். அடிப்படைச் சம்பளம் 1,700 என்று இருக்கும். 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் அது. மீதி எல்லாம் ஓவர்டைம். 1,700ஐ 26 நாளுக்கும், பிறகு 8 மணி நேரத்துக்கும் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 12 வெள்ளி 26 காசு. மாதம் 60 மணி நேரம் செய்தால் 735 வெள்ளி சொச்சம். கூட்டினால் 2,435. ஆர்டர் குறைந்தால் கம்பெனி முதலில் நிறுத்துவது ஓவர்டைமைத்தான். அடுத்த மாதமே அண்ணன் 1,700க்கு வந்து நிற்பார், மோட்டார் தவணை மட்டும் அப்படியே நிற்கும்.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. ஓவர்டைம் பணத்துக்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பிடிப்பதில்லை. அண்ணனுக்கு 1,700க்கு மட்டும்தான்: அவர் பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி. மொத்தம் 408. தங்கையின் 2,800க்கு 308ம் 364ம் சேர்ந்து 672. கையில் வாங்கும்போது இருவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் மாதம் 264 வெள்ளி அந்தப் பெண்ணின் கணக்கில் கூடுதலாகச் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

சரி, உன் பக்கத்துக் கணக்கையும் போடுவோம். நான்கு வருடம் படிக்கப் போனால் மாதம் 2,400 என்று வைத்து 1,15,200 வெள்ளியை நீ சம்பாதிக்காமல் விடுகிறாய். சம்பளம் கடைசிவரை 400 வெள்ளிதான் கூடுதல் என்றால் அதை மீட்க 24 வருடம் ஆகும். படிப்புக் கடன் தனி. ஆகவே முதல் மாதச் சம்பளத்தை வைத்துப் பார்த்தால் படிப்பு எப்போதும் தோற்கும். 35 வயதில் எந்த நாற்காலி என்று பார். எங்கள் தொழிற்சாலையில் நல்ல ஆப்பரேட்டர் லைன் லீடர் ஆவார், சிலர் சூப்பர்வைசரும் ஆவார்கள். அதற்கு மேலே உள்ள பதவிகளுக்கு விளம்பரம் எழுதும்போது முதல் வரியே "டிகிரி" என்றுதான் எழுதுவோம். நானே எழுதியிருக்கிறேன். அது நியாயமா என்று கேட்டால், பல இடங்களில் நியாயமில்லை. ஆனால் அப்படித்தான் நடக்கிறது.

டிகிரி முடித்தவர்களே சூப்பர்மார்க்கெட்டில் கேஷியராக நிற்கிறார்களே, ஐயா? (கடைக்காரர், லூனாஸ்)

நிற்கிறார்கள். நாட்டின் புள்ளிவிவரத் துறையே சொல்கிறது: உயர்கல்வி முடித்து வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் படிப்புக்குக் குறைந்த வேலையில் இருக்கிறார்கள். கவனியுங்கள், இவர்கள் வேலை கிடைத்தவர்கள்.

நேர்முகத்தில் நான் பார்த்தவரை மூன்று விஷயங்கள் ஆளைப் பிரித்துக் காட்டும். பாடம் எது என்பது ஒன்று. கணக்கியல், மின்னியல், கணினி முடித்தவர்களை எந்தக் கம்பெனியிலும் ஏதாவது ஒரு நாற்காலியில் உட்கார வைக்கலாம். பொதுப்படையான வணிக நிர்வாகம் என்றால் நூறு பேருக்கு நடுவில் ஒருவராக நிற்க வேண்டும். அடுத்தது தொழிற்பயிற்சி. வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக மாமா கடையில் பில் போட்டுவிட்டு, பயிற்சி முடித்தேன் என்று வருவார்கள். அந்த ஆறு மாதத்தைப் பெரிய ஃபேக்டரியில் செய்தவனை அங்கேயே வைத்துக்கொள்வார்கள். எங்களுக்கும் அது லாபம், பழகின ஆள். கடைசியாக ஆங்கிலம். தமிழ்ப்பள்ளியில் படித்ததால் வராது என்பது சாக்கு. பயத்தில் வாய் திறக்காததுதான் காரணம்.

மகளுக்கு டாக்டர் ஆசை. உள்ளூரில் இடம் கிடைக்கவில்லை, வெளிநாட்டில் படிக்க வைக்க வீட்டை அடகு வைக்கலாமா? (தாய், கணவர் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர்)

வைக்காதீர்கள் அம்மா.

ஆசையைக் கெடுப்பதற்காகச் சொல்லவில்லை. டாக்டரானால் அரசாங்க வேலை நிச்சயம் என்ற காலம் போய்விட்டது. 2016 கடைசியிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுத்தார்கள். 2021 ஜூலை 26ல் ஒப்பந்த டாக்டர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஐந்து, ஆறு வருடப் படிப்பு, அதற்கு மேல் இரண்டு வருடம் ஹவுஸ்மேன்ஷிப் (மருத்துவமனைப் பயிற்சி). அதுவரை அடகு வட்டி ஓடும். அந்தப் பல்கலைக்கழகம் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இல்லையென்றால் கதையே வேறு. மகளிடம் மருந்தகம், ஃபிசியோதெரபி, மருத்துவ ஆய்வகம் பற்றியும் பேசுங்கள். அவளுக்கு டாக்டர்தான் என்றால் எஸ்டிபிஎம் (படிவம் ஆறின் தேர்வு) எழுதி இன்னொரு முறை உள்ளூர் இடத்துக்கு முயற்சி செய்யட்டும். ஒன்றரை வருடம்தான். செலவும் ஏறக்குறைய இல்லை.

வீட்டுக்கே ஏஜெண்ட் வந்தார். கல்லூரியில் சேர்ந்தால் லேப்டாப் இலவசம், பிடிபிடிஎன் என்ற அரசாங்கப் படிப்புக் கடன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்கிறார். கையெழுத்துப் போடலாமா? (லோரி ஓட்டுநர்)

இந்தக் கேள்வி வந்ததில் எனக்குச் சந்தோஷம். நிறையப் பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வருகிறார்கள்.

அண்ணே, ஏஜெண்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. லேப்டாப் இலவசம் இல்லை, உங்கள் மகன் கடனில் வாங்கியது. பிடிபிடிஎன் "பார்த்துக்கொள்ளாது". அது மகன் பெயரில் கடன், வருடத்துக்கு 1 விழுக்காடு கட்டணத்தோடு திருப்பிக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் சிசிரிஸ் என்ற வங்கிக் கடன் பதிவில் தெரியும். நாளை கார் கடன், வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கிக்காரர் அதைத்தான் முதலில் திறந்து பார்ப்பார். முதல் வகுப்பில் தேறினால் கடனிலிருந்து விலக்கு கேட்கலாம், நிபந்தனைகள் உண்டு. அதை நம்பிக் கடன் எடுக்கக் கூடாது.

இன்றைக்கு ராத்திரி மகனை உட்கார வைத்து எம்கியூஏ (படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசாங்க அமைப்பு) இணையத்தளத்தில் எம்கியூஆர் என்ற அங்கீகாரப் பட்டியலைத் திறக்கச் சொல்லுங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, அவன் சேரப்போகும் அந்தப் பாடத்தின் பெயரே இருக்க வேண்டும். தற்காலிக அங்கீகாரமா, முழு அங்கீகாரமா என்றும் பாருங்கள். அப்புறம் பொலிடெக்னிக் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். அங்கே ஒரு செமஸ்டருக்கு 200 வெள்ளிதான். கூலிமிலேயே ஒரு பொலிடெக்னிக் இருக்கிறது. அதே டிப்ளோமாவுக்குத் தனியார் கல்லூரி கேட்கும் தொகையைப் பக்கத்தில் எழுதிவைத்துப் பாருங்கள், ஏஜெண்டுக்கு என்ன பதில் சொல்வது என்று தானாகத் தெரியும்.

எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன், டிப்ளோமா... எது நல்லது? (மாணவி)

மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசாங்கப் படிப்பு) கிடைத்தால் எடுத்துக்கொள், ஒரே வருடம். 10 ஏ-யும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இன வேறுபாடில்லாமல் இடம் என்று 2024ல் அரசாங்கம் அறிவித்தது. எஸ்டிபிஎம் செலவு குறைவு, கஷ்டம் அதிகம், ஆனால் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு வாசல் திறக்கும். வீட்டில் பணக் கஷ்டம், நடுவில் நிறுத்த வேண்டி வரலாம் என்ற பயம் இருந்தால் டிப்ளோமா. அதை முடித்துவிட்டு வேலைக்குப் போனாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். எஸ்டிபிஎம் மட்டும் முடித்து நின்றால் வேலைச் சந்தையில் அதற்குத் தனி மதிப்பு அவ்வளவாக இல்லை.

மகனுக்கு எஸ்பிஎம்மில் மூன்று கிரெடிட்தான். இவனுக்கு ஏது நல்ல சம்பளம்? (தந்தை, ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி)

ஐயா, அவனை ஒதுக்கித் தள்ளாதீர்கள். கூலிமில் அட்டெக் என்ற அரசாங்கத் தொழில்நுட்பப் பயிற்சி மையம் இருக்கிறது. எஸ்கேஎம் என்ற தொழில்திறன் சான்றிதழ் படிப்படியாகப் போகும். மூன்றாம் நிலை வரை சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. பயிற்சிக்குப் பிடிபிகே (திறன் மேம்பாட்டு நிதி) கடன் உண்டு. மின்சாரம் படித்தால் முதலில் வயர்மேன், அனுபவம் சேர்ந்ததும் எரிசக்தி ஆணையத்தின் தேர்வு எழுதி சார்ஜ்மேன் (மின் நிறுவலுக்குப் பொறுப்பானவர்). பெரிய மின் நிறுவல் உள்ள ஃபேக்டரி சார்ஜ்மேன் இல்லாமல் ஓடச் சட்டம் விடாது. அதனால் அந்தச் சான்றிதழுக்கு எப்போதும் ஆள் தேடுவார்கள். உயர் அழுத்தம் பார்க்கும் பி0 சார்ஜ்மேன் ஒருவருக்கு, புதிதாக வந்த எஞ்சினியரைவிட அதிகச் சம்பளம் போட்டு நானே கடிதம் அடித்திருக்கிறேன். செம்பனை ஆலைகளில் பாய்லர் பார்ப்பவருக்கும் இதே நிலைதான்.

ஒரே ஒரு கண்டிஷன்: இரண்டாம் நிலையோடு நிற்கக் கூடாது. நம் பையன்கள் பாதிப் பேர் அங்கேதான் நிற்கிறார்கள்.

பெண் பிள்ளைக்கு டிகிரி எதற்கு, கல்யாணம் ஆகிப் போகிறவள்தானே? (பாட்டி)

பாட்டி, ராத்திரி ஷிஃப்ட் பஸ் வரும்போது முச்சந்தியில் நின்று, அதில் ஏறும் கல்யாணமான பெண்களை எண்ணிப் பாருங்கள். எப்படியும் வேலைக்குப் போகப்போகிறவள், பகல் வேலைக்குப் போகட்டுமே.

படிப்பை விட்டுவிட்டுச் சிங்கப்பூர் போகலாமா? (19 வயது)

பணமாற்று விகிதத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அங்கே சேமநிதி சிங்கப்பூரருக்கும் நிரந்தரவாசிக்கும் மட்டும்தான். உனக்கு முதலாளி பங்கு கிடையாது. வாடகை, சாப்பாடு போக மிஞ்சுவதிலிருந்து இங்குள்ள ஈபிஎஃப்பில் நீயே மாதாமாதம் போடுவாய் என்றால் போ. சான்றிதழோடு போனால் வேறு வேலை, வேறு சம்பளம்.

எனக்கு 27 வயது. தனியார் கல்லூரியில் இரண்டாம் வருடத்தில் நிறுத்திவிட்டேன். கடன் மட்டும் இருக்கிறது, டிகிரி இல்லை. இப்போது ஸ்டோர் கிளார்க். இனி படிக்க முடியுமா?

முடியும். கடனும் இருந்து பட்டமும் இல்லாதவர்தான் இதில் அதிகம் அடிபடுகிறவர். ஆகவே முதலில் கடனைச் சரி செய். பிடிபிடிஎன் கவுண்டருக்கு நேரில் போய், சம்பள ஸ்லிப்பைக் காட்டி, மாதத் தவணையைக் குறைத்துக் கேள். ஒளிந்துகொள்பவருக்குத்தான் பிரச்சினை, போய்ப் பேசுபவருக்கு வழி செய்து தருவார்கள்.

அடுத்து ஏபெல் என்று ஒரு வழி இருக்கிறது. 21 வயதுக்கு மேல், துறை சார்ந்த வேலை அனுபவம் இருந்தால், அதை எடைபோட்டு டிகிரியில் சேர அனுமதிப்பார்கள். மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். ஸ்டோரில் இருக்கிறாய், லாஜிஸ்டிக்ஸ் அல்லது விநியோகச் சங்கிலிப் பாடம் எடு. நீ செய்யும் வேலையே அனுபவமாகக் கணக்கில் வரும். போவதற்கு முன்னால் பழைய கல்லூரியில் இரண்டு வருட மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாங்கு. பாக்கிப் பணம் இருந்தால் தரத் தயங்குவார்கள், தவணையில் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடு. அந்தத் தாள் இருந்தால் சில பாடங்களுக்குக் கிரெடிட் கேட்கலாம், ஒரு செமஸ்டராவது மிச்சமாகும்.