ஐந்தரை மணி நேரம் ஓடும் 'கார்லோஸ்' படத்தை முழுவதும் பார்க்கத்தான் வேண்டுமா?

பாருங்கள், ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம். அப்படிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கடைசி ஒரு மணி நேரம் இடுப்புதான் படம் பார்த்தது. பிரெஞ்சு இயக்குநர் ஒலிவியே அஸ்ஸயாஸ் இதைத் தொலைக்காட்சிக்காக மூன்று பகுதிகளாக எடுத்தார். 2010 கான் விழாவில் மூன்றையும் சேர்த்துத் திரையிட்டார்கள். அன்று முதல் அதன் நீளம்தான் பேச்சு.

1970களில் பாலஸ்தீன ஆயுத இயக்கம் ஒன்றுக்காகத் தாக்குதல்கள் நடத்திய தீவிரவாதியின் கதை இது. கார்லோஸ் என்பது அந்த இயக்கத்தில் அவனுக்கு இருந்த பெயர். 1949இல் வெனிசுவேலாவில் பிறந்த இலிச் ராமிரெஸ் சாஞ்சேஸ்தான் ஆள். மார்க்சியரான அப்பா, தன் மூன்று மகன்களுக்கும் விளாதிமிர், இலிச், லெனின் என்று ஒரே மனிதரின் பெயரைப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறார்! நடித்த எட்கர் ராமிரெஸும் வெனிசுவேலாக்காரர்தான். குடும்பப் பெயர் ஒன்று என்றாலும் உறவு கிடையாது.

முதல் பகுதியில் 1975 ஜூன் மாதப் பாரிஸ் காட்சி ஒன்று போதும். மாணவர்கள் குடியிருக்கும் வீட்டில் விருந்து, கிடார், பாட்டு. உளவுத்துறையினர் கதவைத் தட்டுகிறார்கள். கார்லோஸ் பதறவில்லை. வந்தவர்களை உபசரிக்கிறான், சிரித்துப் பேசுகிறான், குளியலறைக்குப் போய்வருகிறான். அடுத்த சில நொடிகளில் இரண்டு அதிகாரிகளும், அவர்களைக் கூட்டிவந்த பழைய கூட்டாளியும் பிணம்.

படத்தின் உயிர் இரண்டாம் பகுதி. 1975 டிசம்பர் 21, வியன்னாவில் எண்ணெய் நாடுகளின் அமைச்சர்கள் கூடியிருந்த ஒபெக் அலுவலகத்துக்குள் ஆறு பேர் நுழைகிறார்கள். சே குவேரா பாணித் தொப்பி, தோல் சட்டை சகிதம் கார்லோஸ். மூன்று பேரைக் கொன்று, அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பிடித்து வைக்கிறார்கள். சவூதி, ஈரான் அமைச்சர்களைக் கொல்ல வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. ஆனால் தப்பிக்கக் கிடைத்த டிசி-9 விமானத்துக்கு, அவர்கள் போக நினைத்த பாக்தாத் வரை பறக்கும் திராணி இல்லை. அல்ஜியர்ஸ், அங்கிருந்து திரிப்போலி, மறுபடியும் அல்ஜியர்ஸ் என்று சரக்கை இறக்க இடம் கிடைக்காத லாரி போல அலைகிறார்கள். புரட்சி வசனங்கள் எல்லாம் தீர்ந்து, எரிபொருள் கணக்கு மட்டும் மிஞ்சுகிறது. கடைசியில் பணத்தை வாங்கிக்கொண்டு இரண்டு அமைச்சர்களையும் உயிரோடு விட்டுவிடுகிறான். இயக்கத் தலைவர் வாதி ஹத்தாத் அவனைக் கழற்றிவிடுகிறார். இந்தப் பகுதியில் ஒரு நிமிடத்தைக்கூட வெட்ட மனம் வராது.

மூன்றாம் பகுதி இழுவை என்று பலரும் சொல்வதை மறுக்கவில்லை. கிழக்கு பெர்லின், புடாபெஸ்ட், டமாஸ்கஸ் என்று ஊர் மாறுகிறதே தவிர, கதை நகர்வதில்லை. இருந்தும் எனக்கு அது தேவைப்பட்டது. முதல் பகுதியில் நிர்வாணமாகக் கண்ணாடி முன் நின்று தன் உடலைத் தானே ரசித்தவன், இங்கே தொந்தியும் தொப்பையுமாக, எந்த அரசும் வைத்துக்கொள்ள விரும்பாத விருந்தாளி. 1994 ஆகஸ்டில் சூடான் அவனைப் பிரான்சிடம் ஒப்படைத்தபோது, விரைப்பையில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தான். இந்தச் சரிவு இல்லாமல் படம் வியன்னாவோடு முடிந்திருந்தால், தோல் சட்டைக்காரன் கதாநாயகனாகவே நம் மனதில் தங்கியிருப்பான்.

என்னிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தால் முதல் பகுதியின் காதல் காட்சிகளில்தான் கைவைப்பேன். மிச்சமாகும் நேரத்தைச் செத்தவர்களுக்குக் கொடுக்கலாம். இவ்வளவு நீளத்தில் அவர்களில் ஒருவருடைய வீட்டுக்குக்கூடக் கேமரா போகவில்லை என்பதுதான் என் பெரிய குறை.

ஆயுள் தண்டனைக் கைதியான நிஜ கார்லோஸ், வெளியாவதற்கு முன்பே படத்தைத் தனக்குக் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் வரை போனான். நடக்கவில்லை.

சுமார் இரண்டே முக்கால் மணி நேரச் சுருக்கப் பதிப்பும் உண்டு, அதை விட்டுவிடுங்கள். முழுப் படத்தை இரவுக்கு ஒரு பகுதியாகப் பார்த்தால் போதும். பல மொழிகளில் பேசுகிறார்கள் என்பதால் துணைத்தலைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.